பூங்காவில் முளைத்த தோட்டங்கள்



சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் தீருமுன்னரே நுவரெலியாவுக்கு வான் பிடிப்பது நம் நாட்டில் பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் அங்கே மலர்க் கண்காட்சி உண்டு, குதிரைப் பந்தயம் உண்டு, கிரகரி வாவியில் படகு உண்டு. அறை வாடகையை மட்டும் கேட்கக் கூடாது. போகிற வழியில் பேராதனைப் பூங்காவில் இறங்கி இரண்டு மணி நேரம் நடப்பார்கள். பிறகு மலையேறும்போது எங்காவது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிறுத்தித் தேநீர் குடித்து, கொழுந்து எடுக்கும் பெண்களோடு நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். பூங்கா ஒரு கணக்கு, தோட்டம் இன்னொரு கணக்கு. பயண ஏற்பாட்டாளர் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலிலும் இரண்டும் தனித்தனி வரிகளில்தான் இருக்கும்.

அவை இரண்டல்ல, ஒன்றுதான் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். பேராதனையில் தொடங்கி ஹக்கலையில் முடிகிற அந்த எண்பது கிலோமீற்றர் வீதியை ஒரே கதையாகப் படித்துக்கொண்டு போகலாம். அப்படிப் போனால், பூச்செடிப் பாத்திகளைக் கண்டு சலித்துப்போகிற என் போன்றவர்களுக்கும் பயணம் அலுக்காது.

பேராதனையிலிருந்தே தொடங்குவோம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே 147 ஏக்கர் நிலம். கண்டி அரசர்கள் காலத்திலேயே அது அரச தோட்டம். மதுரை நாயக்கர் வழி வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1747இல் அரசேறிய பிறகு, அதைத் தன் தோட்டமாக வைத்திருந்தான். கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல். ஆறே வருடத்தில், 1821இல், அலெக்சாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் களுத்துறையில் இருந்த ஆங்கிலேயரின் பூங்காவை இங்கே கொண்டுவந்தார். ஆரம்பத்தில் அவர் நட்டவற்றில் முக்கியமானவை எவை தெரியுமா? கோப்பியும் கறுவாவும். றோசாவும் ஓர்க்கிட்டும் பிறகு வந்த அலங்காரம்.

வழிகாட்டிகள் உங்களைப் பெரும்பாலும் பெரிய மனிதர்கள் நட்ட மரங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்க மரம், 1961இல் விண்வெளியிலிருந்து திரும்பிய ககாரின் நட்ட மரம் என்று பட்டியல் நீளும். பர்மாவிலிருந்து வந்த பெரு மூங்கில்கள் ஆற்றங்கரையில் கூட்டமாக நிற்கும். இரட்டைத் தேங்காய் என்று நாம் சொல்கிற, சீசெல்ஸ் தீவுகளுக்கே உரிய பனையினமும் இங்கே உண்டு. உலகத்தில் வேறெந்தத் தாவரத்துக்கும் அவ்வளவு பெரிய விதை கிடையாது. ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கையும் காத்திருக்கிறது. காசு கொடுத்து உள்ளே போனால், வீட்டு வேலியோரம் நிற்கும் அதே பனைமரங்களை வரிசையாக நட்டு ஒரு சாலையே அமைத்து வைத்திருக்கிறார்கள்! இரண்டாம் உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளுக்குக் கட்டளையிட்டதும் இந்தப் பூங்காவுக்குள் இருந்துதான். இவையெல்லாம் பார்க்கத்தக்கவைதான். ஆனால் மலைநாட்டின் தலையெழுத்தை மாற்றியது இவற்றில் ஒன்றுமல்ல. 1839இல் கல்கத்தாப் பூங்காவிலிருந்து ஒரு பொதி இங்கே வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்தவை அஸ்ஸாம் தேயிலை விதைகள்.

அந்த நேரத்தில் அவற்றை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. காரணம் கோப்பி. பூங்காவிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் தெரிவது கன்னொறுவை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தானே கோப்பித் தோட்டம் போட்டார். கொஞ்சத் தூரம் தள்ளிக் கம்பளைக்குப் பக்கத்தில், சின்னப்பிட்டியில், ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1823ஐ ஒட்டிக் கோப்பி பயிரிட்டார். ஆளுநரே தோட்டக்காரர் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மலைகள் ஏக்கர் ஏக்கராக விற்கப்பட்டன. காடு வெட்டி எரிக்கப்பட்டது. வெட்டுவதற்கும் நடுவதற்கும் பழம் பறிப்பதற்கும் ஆட்கள் வேண்டும். கண்டி நாட்டு விவசாயிக்குத் தன் வயலும் சேனையும் இருந்தன, அவன் கூலிக்கு வர மறுத்தான். அப்போதுதான் ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று வறட்சியும் சாதியும் வாட்டிய ஊர்களிலிருந்து சனம் வந்தது. கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைவரை நடை. தண்ணீர் கிடைக்காமலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், அந்த வருகையின் 200 வருட நினைவாக, அந்த மன்னார்க் கரையின் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண்டியிலிருந்து வடக்கே போகிற வீதியை இன்று குளிரூட்டிய வானில் கடக்கிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறவர்கள், அந்த வழியாக முன்னே நடந்து வந்தவர்கள் யாரென்று ஒரு நிமிடம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நம் நுவரெலியா வீதிக்குத் திரும்புவோம். கம்பளை தாண்டிப் புசல்லாவைக்கு ஏறும்போது இரண்டு பக்கமும் தேயிலை தொடங்குகிறது. இந்தச் சரிவுகளில் 150 வருடத்துக்கு முன்னர் நின்றது கோப்பி. அது எங்கே போனது?

1869இல் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு நோய்ப்பட்ட கோப்பி இலை பேராதனைக்கு வந்தது. இலையின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் தூள். அப்போது பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் த்வைற்ஸ். அவர் அதை இங்கிலாந்தில் பூஞ்சை ஆராய்ச்சியில் பெயர் பெற்றிருந்த பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். பெர்க்லி அதை ஆராய்ந்து ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். தோட்டத் துரைமார் தங்கள் பாட்டுக்கு அதை ‘நாசகார எமிலி’ என்று கேலியாக அழைத்தார்கள். சில வருடங்களில் கேலி நின்றுபோனது. விலை நன்றாக இருந்த காரணத்தால் தோட்டங்கள் நோயையும் பொருட்படுத்தாமல் விரிந்தன. 1870களின் கடைசியில் கோப்பி நின்ற நிலம் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல். அதன் பிறகு ஒரேயடியாகச் சரிவு. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள். காற்றில் பறக்கும் நுண்வித்துக்களால் நோய் பரவுகிறது, மைல் கணக்கில் இடைவெளியே இல்லாமல் ஒரே செடியை நட்டு வைத்திருப்பதுதான் அதற்கு வசதி என்று அவர் கண்டு சொன்னார். மருந்து கேட்டவர்களுக்குக் காரணம் கிடைத்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை.

வார்ட் சொன்னதைக் கேட்டு மலைகளில் பயிர்களைக் கலந்து நட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கோப்பி இருந்த இடத்தில் தேயிலையை நட்டார்கள், அதையும் மைல் கணக்கில். 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் அப்போது இருந்தது, செப்பு மருந்தும் இருந்தது. அதனால் தேயிலை தப்பியது.

தேயிலையை முதலில் வியாபாரப் பயிராக்கியவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் மீசை முளைக்கும் வயதில் இங்கே வந்து, தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார், சாகும்வரை அங்கேயே இருந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். விதை பேராதனையிலிருந்து. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையாலேயே இலையைச் சுருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பி வலைத் தட்டில் உலர்த்தினார். 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை 23 றாத்தல். 1900ஐ நெருங்கும்போது தேயிலை நிலம் மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. டெய்லர் அதைப் பார்க்கவில்லை. 1892இல் வயிற்றுளைவில் இறந்துபோனார். கண்டி மகியாவை மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. ‘லிப்டன் சீற்’ பார்க்கத் தம்பேதன்னைக்கு ஓடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு லூல்கந்துரவுக்குப் போனாலே நான் திருப்திப்படுவேன். லிப்டன் 1890இல் வந்து தோட்டங்களை வாங்கினார், விற்பதில் வல்லவர். பயிரிட்டுக் காட்டியவர் டெய்லர்.

றம்பொடை நீர்வீழ்ச்சி தாண்டி லபுக்கலைக்குப் போகும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். தூரத்துக் காட்சியை விட்டுவிட்டு, வீதியோரத்துச் செடி ஒன்றின் அடியை உற்றுப் பாருங்கள். மேலே பச்சைப் பசேல் என்று மேசைபோலத் தட்டையாக இருக்கிறது. கீழே குனிந்தால் தொடையளவு தடித்த, முறுகி முடிச்சு விழுந்த கட்டை. தேயிலை உண்மையில் மரம். அஸ்ஸாம் இனத்தை அதன் போக்கில் விட்டால் முப்பது நாற்பது அடி வளரும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டி, வாரத்துக்கு ஒரு முறை கொழுந்தைக் கிள்ளி, இடுப்பளவுக்கு மேலே எழும்ப விடாமல் நூறு வருடமாக அதை அமுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் ரசிக்கிற அந்தப் பச்சை விரிப்பு அப்படி உண்டானது.

கொழுந்து எடுப்பதைப் பார்ப்பதற்கு இலேசாக இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து, அன்றைக்கு எந்த மலை என்று சொன்னதும் ஏற வேண்டும். இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் பனியும் மழையும் சேலையை நனைத்துவிடும், கவ்வாத்துக் குச்சி கிழித்துவிடும். விளம்பரப் படங்களில் வருகிற பிரம்புக்கூடையைப் பல தோட்டங்களில் இன்று காண முடியாது, நெய்த பிளாஸ்டிக் சாக்குதான் தலையிலிருந்து தொங்கும். முத்தல் இலை சேர்ந்தால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேச்சு விழும், தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் நிறையில் கழிப்பார்கள். ஒரு நாள் பேருக்கு 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. ஆகவே 18 கிலோவிலிருந்து நாலு கிலோ வருகிறது என்று வைப்போம். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் போட்டால், ஒருத்தியின் ஒரு நாள் வேலை இரண்டாயிரம் கோப்பை தேநீர். அந்த ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று சம்பளம் நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான், அதுவும் வருடக்கணக்கான இழுபறிக்குப் பிறகு. அதே இரண்டாயிரம் கோப்பையை நுவரெலியா ஹோட்டல் விலைக்குப் பெருக்கிப் பார்க்கும் வேலையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன்.

படம் பிடிக்குமுன் கேளுங்கள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிறை போட ஓடிக்கொண்டிருக்கிற ஒரு அக்காவை நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, சாக்கைக் கழற்றி நம் மகளின் தலையில் மாட்டிப் பார்ப்பது வேடிக்கையில்லை. அவருக்கு அது கொழுந்து கிலோவில் குறையும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் கண்ணில் படாமல் போகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, வரிசையாக அடுத்தடுத்து. கோப்பிக் காலத்தில் வந்துபோகிற கூலிகளுக்கென்று கட்டிய அமைப்பு. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் தேவைப்பட்டதால் சனம் நிலைத்துவிட்டது, லயமும் நிலைத்துவிட்டது. பங்களாக்களைச் சொகுசு விடுதிகளாக மாற்றிய தோட்டங்களிலும் லயத்துக் கூரைத் தகரத்துக்குக் கல்தான் பாரம். அஸ்ஸாமிலிருந்து வந்த செடிக்கு ‘சிலோன் ரீ’ என்று பெயர் கிடைத்து, அதுவே நாட்டின் முகவரியானது. அதை வளர்த்தவர்களின் குடியுரிமை 1948ஆம் வருடச் சட்டத்தால் பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. மிஞ்சி நின்றவர்களுக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டது 2003இல். நானுஓயா புகையிரத நிலையத்தில் இறங்கி ஏறும் உல்லாசப் பயணிகளுக்கு, இந்தப் பாதையில் எத்தனையோ குடும்பங்கள் ஒப்பாரியோடு தலைமன்னாருக்கு வழியனுப்பப்பட்டன என்பது தெரிய நியாயமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைக்குள் போவதாக இருந்தால் காலையில் போங்கள். தோட்டத்துச் சனம் அதை ‘இஸ்டோர்’ என்பார்கள். மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருக்கும், அடியிலிருந்து விசிறிக் காற்று வரும். இராத்திரி முழுக்க வாடி, ஈரத்தில் பாதியளவு போய், இலை துணிபோலத் துவண்ட பிறகே கீழே இறக்குவார்கள். பிறகு உருளையில் அரைபடும். இலையின் சாறு காற்றில் பட்டதும் பச்சை செம்பாக மாறத் தொடங்கும், அப்போது எழும் வாசம் ஏறக்குறைய பழவாசம். எந்த நிமிடத்தில் அதை நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதில்தான் தேத்தூள் தயாரிப்பவரின் மூக்குக்கும் கைக்கும் வேலை. கொஞ்சம் பிந்தினாலும் சாயம் ஏறும், மணம் இறங்கும்.

நுவரெலியா நகரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விக்டோரியாப் பூங்கா, மகாராணியாரின் வைர விழாவுக்காக 1897இல் பெயர் பெற்றது. அழகானது, ஏப்ரலில் நெரிசலானது. நேரம் இருந்தால் அதைத் தவிர்த்துப் பதுளை வீதியில் பத்துக் கிலோமீற்றர் கீழே போங்கள். சீதையம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஹக்கலைக்குப் போய்விடலாம்.

இராவணனின் அசோகவனம் இதுதான் என்று ஊர் சொல்லும். பதிவேடு சொல்வது வேறு. 1861இல் இந்தப் பூங்கா உண்டானது சிங்கோனாவுக்காக. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. தென்னமெரிக்க மரம் அது. பேராதனை வெப்பத்துக்குச் சரிவராது என்றுதான் ஐயாயிரம் அடிக்கு மேலே ஒரு கிளைப் பூங்காவைத் திறந்தார்கள். கோப்பி சாய்ந்தபோது பல துரைமார் முதலில் பிடித்துக்கொண்டது சிங்கோனாவைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து அனுப்ப, சில வருடங்களில் விலை விழுந்தது. சந்தை இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் நீங்கள் இன்றைக்குப் பார்க்கும் மலைகளில் தேயிலைக்குப் பதில் சிங்கோனா நின்றிருக்கவும் கூடும்.

ஹக்கலையின் றோசாத் தோட்டத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு பாறை எழும்பும். அதன் தோள்களில் படர்ந்திருப்பது பழைய மலைக்காடு, பாசி போர்த்திய குட்டை மரங்கள், மரப்பன்னங்கள். 1873இல் லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாமல் விடுங்கள் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். காட்டைத் தோட்டமாக்கும் செடிகளை உலகமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த பூங்காவிலிருந்தே அந்தச் சொல்லும் வந்தது. முழுக்கக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஹோட்டன் சமவெளிக் காடு இன்றைக்கு நிற்பதற்கு அந்த ஆலோசனைக்கும் பங்கு உண்டு. நம் ஆறுகள் பலவற்றின் தலை அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகத் தேயிலை வாங்குவது பற்றி. ஏப்ரலில் போகிறவர்கள் மேற்குப் பக்கத்துத் தேயிலையைக் கேளுங்கள். திம்புலை, நுவரெலியாப் பகுதிகளில் தை மாதத்திலிருந்து பங்குனிவரை குளிரும் வரட்சியும் சேர்ந்து கொழுந்தை மெதுவாக வளரவிடும், அந்த இலையில்தான் மணம். ஆடி, ஆவணியில் போகிறவர்கள் வெலிமடை தாண்டி ஊவாப் பக்கம் இறங்குங்கள். தென்மேல் பருவக்காற்று மழையையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக மலையைத் தாண்டும். மட்டக்களப்பார் அந்தக் காற்றைக் கச்சான் என்பார்கள், அவர்களுடைய உதட்டை வெடிக்க வைப்பதும் அதுதான். ஊவாக் கொழுந்து அந்தக் காற்றில் வாடித் தன் சாறை இறுக்கிக்கொள்கிறது. அந்தச் சில வாரத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. கடையில் ‘மலையுச்சித் தேயிலை’ என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காமல், எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொன்னால் வாங்குங்கள். வீட்டுக்குப் போய் முதல் கோப்பையைப் பாலில்லாமல் குடியுங்கள், சீனியும் கொஞ்சம் குறைவாக.

இன்னொன்று, தேயிலை மலைக்குள் இறங்குவதாக இருந்தால் கால்மேசையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அட்டைகளுக்கு உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதமில்லை.